‘நாம் வென்றோம்’: காற்பந்துப் பற்றாளர் கூறும் தன்மைப் பன்மை

திடலில் இறங்கிப் பந்தை ஒருமுறையேனும் உதைத்தறியாத ஒருவர், ஆட்டம் முடிந்த மறுநாட் காலையில் தேநீர்க் கடையில் அமர்ந்து, “நேற்று நாம் இரண்டு கோல் போட்டோம்” என்கிறார். எதிரே அமர்ந்திருப்பவர், “நீர் எப்போது போட்டீர்?” என்று கேட்பதில்லை. கேட்டால் அவரே பேதை எனப்படுவார். ஆடியவர் பதினொருவர், பயிற்றுவித்தவர் ஒருவர், ஊதியம் பெற்றவர் அவர்களே. எனினும் வெற்றியில் பங்கு கோருவோர் பல்லாயிரவர். அப்பல்லாயிரவரும் ஒரே சொல்லைக் கொண்டே அப்பங்கைக் கோருகின்றனர். ‘நாம்’ என்பதே அச்சொல்.

உள்ளூர்க் குழுவின்பால் நீங்காப் பற்றுக் கொண்ட ஒருவர் அக்குழுவைப் பற்றி என்ன கருதுகிறார்? எந்த உரிமையால் அவ்வாறு கருதுகிறார்? அக்கருத்து எங்கே சரி, எங்கே தவறு? இவ்வினாக்களுக்கு விடை காண, மலேசியாவும் சிங்கப்பூரும் ஒருங்கே நினைவுகூரும் மலேசியக் கிண்ணப் போட்டியைக் காட்டிலும் தக்க சான்று இப்பகுதியில் இல்லை.

சொல்லும் பொருளும்

பற்றாளரைக் குறிக்க வழங்கும் சொற்களை முதற்கண் நோக்குதல் வேண்டும். ஆங்கிலத்தில் ‘ஃபேன்’ என்பர். வெறி கொண்டவர் என்று பொருள்படும் ‘ஃபெனட்டிக்’ என்னும் நெடுஞ்சொல்லின் குறுக்கமே அது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. காற்று வீசும் கருவிக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. ஆயினும் தமிழில் யாரோ அதனை ‘விசிறி’ என்று பெயர்த்துவிட, பிழையே நிலைபெற்று வழக்காயிற்று. ‘ரசிகர்’ என்னும் சொல்லோ சுவையை அடியாகக் கொண்டது; சுவைப்பவர் என்பது அதன் பொருள். இசையைச் சுவைப்பவருக்கு அப்பெயர் முற்றும் பொருந்தும். மழையில் நனைந்துகொண்டு, நான்கு கோல் வேறுபாட்டில் தோற்கும் தம் குழுவை இறுதிவரை பார்த்திருப்பவருக்கு அது பொருந்துமா? அவர் அங்கே சுவைத்தது யாது? ஆகவே அவரைப் பற்றாளர் என்பதே தகும்.

இப்பற்றாளரின் உள்ளத்தைத் திறக்கும் திறவுகோல் தமிழ் இலக்கணத்திலேயே உள்ளது. தன்மைப் பன்மையில் தமிழ் இருவகை காணும். முன்னிருந்து கேட்பவரையும் உள்ளடக்கிக் கூறினால் ‘நாம்’. அவரை விலக்கிக் கூறினால் ‘நாங்கள்’. முன்னதை உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என இலக்கணம் உடையோர் குறிப்பர். மலாய் மொழியிலும் இவ்வேறுபாடு உண்டு. அம்மொழியாளர் முன்னதைக் ‘கீத்தா’ என்றும் பின்னதைக் ‘காமி’ என்றும் வழங்குவர். ஆங்கிலத்திலோ இரண்டிற்கும் ஒரே சொல்தான்.

பற்றாளர் ‘நாங்கள் வென்றோம்’ என்று தம் ஊராரிடம் சொல்வதில்லை; ‘நாம் வென்றோம்’ என்றே சொல்கிறார். தம்மை ஆட்டக்காரரோடு சேர்ப்பதோடு அவர் நின்றுவிடுவதில்லை. கேட்பவரையும், கடைக்காரரையும், ஆட்டத்தையே பாராத அண்டை வீட்டாரையும் ஒருங்கே சேர்த்துக்கொள்கிறார். இச்சேர்க்கையே உள்ளூர்க் குழுவின் பெரும்பயன் என்க.

கிண்ணம் பிறந்த கதை

1921ஆம் ஆண்டு ‘மலாயா’ என்னும் பெயர் கொண்ட பிரிட்டிஷ் போர்க்கப்பல் இப்பகுதிக்கு வந்தது. அக்கப்பலைக் கட்டுவதற்கான பொருளை வழங்கியவை மலாய் ஐக்கிய மாநிலங்கள். நன்றியின் அடையாளமாகக் கப்பலினர் வழங்கிய கிண்ணமே மலாயாக் கிண்ணம். அவ்வாண்டு நடைபெற்ற முதல் இறுதியாட்டத்தில் சிங்கப்பூர் சிலாங்கூரை 2க்கு 1 என்ற கணக்கில் வென்றது. 1921 முதல் 1941 வரை நடந்த ஒவ்வோர் இறுதியாட்டத்திலும் சிங்கப்பூர் இடம்பெற்றது. 1967இல் அப்போட்டி மலேசியக் கிண்ணம் எனப் பெயர் பெற்றது.

இப்போட்டியின் அமைப்பைக் கூர்ந்து நோக்குக. இதில் மோதியவை பெரும்பாலும் தனியார் மன்றங்கள் அல்ல, மாநிலங்கள். சிலாங்கூர், பேராக், பினாங்கு, கெடா, பகாங், சிங்கப்பூர் என்னும் இடப்பெயர்களே குழுப்பெயர்களாயின. மன்றத்தில் சேர விரும்புவோர் சந்தா கட்ட வேண்டும்; மாநிலத்தில் சேர வேண்டுவோர் பிறந்திருந்தாலே போதும். தோட்டத்தில் பால் மரம் வெட்டியவரும், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரும், அலுவலகத்தில் கணக்கெழுதியவரும் ஒரே குழுவுக்கு உரியவராயினர். ‘நாம்’ என்னும் சொல்லை அவர்களுக்கு யாரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

ஆட்டக்காரரும் அவ்வாறே. மலேசியாவில் பகுதிநேரத் தொழில்முறை லீக் தோன்றிய ஆண்டு 1989. முழுத் தொழில்முறை ஆட்டம் வந்தது 1994இல். அதற்கு முன்னர் திடலில் ஆடியோர் பெரும்பாலும் பகலில் வேறு வேலை பார்த்தவர்கள். நேற்று அஞ்சல் நிலையத்திலோ காவல் நிலையத்திலோ கண்டவரை இன்று திடலில் காணலாம் என்ற நிலையில், அவரை ‘அவர்’ என்று தள்ளி நிறுத்துவது எங்ஙனம் இயலும்?

காலாங் முழக்கம்

1973ஆம் ஆண்டு சிங்கப்பூரின் காலாங் பகுதியில் தேசிய விளையாட்டரங்கம் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 55,000 பேர் அமரத்தக்க அவ்வரங்கில் எழுந்த ஆரவாரத்திற்குக் ‘காலாங் முழக்கம்’ என்றே பெயர் வழங்கலாயிற்று. பார்வையாளர் எழுப்பும் ஓசைக்குத் தனிப்பெயர் இடுவது எளிதில் நிகழ்வதன்று. ஆட்டத்தின் ஒரு பகுதியாகவே அவ்வோசை கருதப்பட்டது என்பதற்கு அப்பெயரே சான்று.

அக்காலப் பற்றாளரின் பெருமை வெற்றிகளால் மட்டும் அமைந்ததன்று. 1975 முதல் 1981 வரை தொடர்ந்து ஏழாண்டு சிங்கப்பூர் இறுதியாட்டத்தை எட்டியது. அவ்வேழில் வென்றவை இரண்டே. மற்ற ஐந்திலும் தோற்றது. அவ்வைந்து முறையும் வென்ற குழு சிலாங்கூர்! 1977இல் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில், கூடுதல் நேரத்தில் குவா கிம் சோங் தலையால் முட்டிய பந்து கோலாக, சிங்கப்பூர் பினாங்கை 3க்கு 2 என வென்றது. பன்னிரண்டு ஆண்டுகளாகக் காணாத கிண்ணம் கைக்கு வந்தது. 1980இல் இருபது வயதும் நிரம்பாத ஃபாண்டி அகமது போட்ட கோலால் சிலாங்கூரையே வென்றது. இவ்விரண்டையும் நினைவில் வைத்திருக்கும் பற்றாளர், ஐந்து தோல்விகளையும் அதே துல்லியத்தோடு கூறுவார். தோல்வியின் பட்டியலை மனப்பாடமாகச் சொல்வது அவருக்கு இழுக்கன்று. தாம் அன்றும் அங்கிருந்ததற்கு அதுவே அவர் காட்டும் சான்றிதழ்.

அவர் ஆட்டக்காரரை அழைக்கும் முறையும் ஆராயத்தக்கது. பயிற்றுநர் சூ செங் குவீ அவர்களை ‘அங்கிள் சூ’ என்றே அனைவரும் அழைத்தனர். எஸ். இராஜகோபால் ‘ஒட்டகம்’ ஆனார். டோல்லா காசிம், எதிரியை ஏய்த்து வளைந்து நெளிந்து செல்லும் திறத்தால் ‘கெலேக்’ மன்னர் ஆனார். எல்லைக்கு அப்பால், சிலாங்கூரின் கோல்காவலர் ஆர். ஆறுமுகம் ‘சிலந்தி மனிதர்’ ஆனார். உறவுப்பெயரும் செல்லப்பெயரும் இட்டு அழைப்பது குடும்பத்தார் வழக்கம். மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று இனம் பிரித்து எண்ணும் நாட்டில், இப்பெயர்கள் இனம் பாராமல் எல்லார் வாயிலும் ஒன்றுபோல் புழங்கின.

பகைக் குழுவைப் பற்றியும் பற்றாளருக்கு ஒரு கருத்து உண்டு. சிலாங்கூர் தோற்க வேண்டும் என்று அவர் விரும்புவார். சிலாங்கூர் இல்லாமற்போக வேண்டும் என்று ஒருகாலும் விரும்பார். 2015 வரையில் 33 முறை கிண்ணம் வென்ற சிலாங்கூரும், 24 முறை வென்ற சிங்கப்பூரும் ஒன்றால் ஒன்று பெருமை பெற்றவை. ‘அவர்கள்’ இன்றி ‘நாம்’ இல்லை. இவ்வுண்மையின் முழுப்பொருள் பின்னர் வெளிப்பட்டது.

வென்றால் நாம், தோற்றால் அவர்கள்

பற்றாளர் எல்லாரும் ஒரு தரத்தினர் அல்லர். 1976ஆம் ஆண்டு ராபர்ட் சியால்டினி என்னும் அமெரிக்க உளவியலாரும் அவர்தம் துணைவரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஏழு பல்கலைக்கழகங்களில், தம் குழு வென்றதை அடுத்த திங்கட்கிழமைகளில் பல்கலைக்கழகப் பெயரோ சின்னமோ பொறித்த உடையை மாணவர் மிகுதியாக அணிந்து வந்தனர். தொலைபேசி வழியாக வினவியபோது, வென்ற ஆட்டத்தைப் பற்றிப் பேசுகையில் ‘நாம்’ என்னும் பொருள்படவும், வெல்லாத ஆட்டத்தைப் பற்றிப் பேசுகையில் ‘அவர்கள்’ என்னும் பொருள்படவும் மாணவர் கூறுவது மிகுந்தது. பிறர் ஒளியில் குளிர்காயும் இயல்பு இது என்றார் ஆய்வாளர்.

தேநீர்க் கடையிலும் இவ்விலக்கணம் செல்லும். “நாம் வென்றோம்” என்றவரே அடுத்த வாரம் “அவன்கள் தோற்றுவிட்டான்கள்” என்பார். ஒரு வாரத்தில் தன்மை படர்க்கையாகிவிடுகிறது! ஆனால் நீங்காப் பற்றுடையவரின் பேச்சில் இம்மாற்றம் நிகழ்வதில்லை. அவர் குழுவைத் திட்டுவார். பயிற்றுநரை மாற்ற வேண்டும் என்பார். தற்காப்பு ஓட்டைப் பானை என்பார். எனினும் “நாம் நேற்றுக் கேவலமாக ஆடினோம்” என்றே சொல்வார். கண்டனத்திலும் அவர் வெளியேறுவதில்லை. 1993இல் சிங்கப்பூர் இரண்டாம் பிரிவில் ஆட நேர்ந்தபோதும் ஆட்டம் பார்க்கச் சென்றவர் இவரே. அவ்வாண்டே மலேசியக் கிண்ண இறுதிவரை சென்று கெடாவிடம் 2க்கு 0 எனத் தோற்றபோதும் ‘நாம்’ என்றவர் இவரே.

பற்றின் குறைபாடு

இவ்வளவு பற்றுடையவரின் கருத்தெல்லாம் சரியானதா என்றால், அன்று. பற்று கண்ணைக் கூர்மையாக்கும். அதே வேளையில் ஒரு பக்கம் சாய்க்கவும் செய்யும். 1951இல் அமெரிக்காவின் டார்ட்மத், பிரின்ஸ்டன் என்னும் இரு கல்லூரிகளின் குழுக்கள் முரட்டுத்தனமாக மோதிய ஓர் ஆட்டத்தின் படச்சுருளை இரு கல்லூரி மாணவருக்கும் ஆய்வாளர் காட்டினர். 1954இல் முடிவு வெளிவந்தது. டார்ட்மத் குழு செய்த பிழைகளாகப் பிரின்ஸ்டன் மாணவர் எண்ணியவை, டார்ட்மத் மாணவர் எண்ணியவற்றைப் போல் இருமடங்குக்கும் மேல்! படச்சுருள் ஒன்றே, கண்கள்தாம் வேறு.

ஆகவே, நடுவர் நமக்கு மட்டும் அநீதி இழைக்கிறார் என்று பற்றாளர் கூறும்போது, அவர் பொய் சொல்லவில்லை. தாம் கண்டதையே சொல்கிறார். கண்டதுதான் முழுமையன்று. அதே போல், அந்தக் காலத்து ஆட்டக்காரருக்கு இக்காலத்தார் ஈடாகார் என்னும் கூற்றிலும் பாதி ஆட்டத்தைப் பற்றியது. மறுபாதி அவர்தம் இளமையைப் பற்றியது. அவர் கருத்தை எடைபோடுவோர் இதனை மனங்கொள்ள வேண்டும்.

மற்றொரு முரண்பாடும் அவரிடம் உண்டு. தொழில்முறை ஆட்டக்காரர் ஊதியத்தின்பொருட்டு வேறு மாநிலம் செல்வர். ஃபாண்டி அகமது 1992இல் பகாங் குழுவில் ஆடி லீக்கையும் கிண்ணத்தையும் வென்றார். 1994 டிசம்பரில், ஷா ஆலம் அரங்கில், அதே பகாங்கை எதிர்த்துச் சிங்கப்பூர்க் குழுவுக்குத் தலைமை தாங்கினார். அப்பாஸ் சாட் மூன்று கோல் போட, சிங்கப்பூர் 4க்கு 0 என வென்று கிண்ணத்தையும், அவ்வாண்டின் லீக் பட்டத்தோடு சேர்த்து இரட்டை வெற்றியையும் பெற்றது. பிரிந்தபோது வருந்தியவர் திரும்பியபோது கொண்டாடினார். அப்பாஸ் சாட் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவர் என்பது அன்றிரவு எவருக்கும் நினைவில்லை. எங்கே பிறந்தார் என்பது பற்றாளருக்குப் பெரிதன்று. நம் சட்டையை அணிந்து எவ்வளவு ஓடினார் என்பதே பெரிது. இது முரண்பாடுதான். ஆயினும் பெருந்தன்மை கலந்த முரண்பாடு.

அறுந்த கயிறு

அந்த 1994ஆம் ஆண்டு வெற்றியே அவ்வழியில் இறுதியாயிற்று. நுழைவுச்சீட்டு வருவாயைப் பங்கிடுவது பற்றி இரு நாட்டுக் காற்பந்துச் சங்கங்களுக்கிடையே பூசல் எழுந்தது. ஆட்ட முடிவுகளைக் கையூட்டால் விலைபேசிய ஊழலும் அக்காலத்திலேயே வெளிப்பட்டு, ஆட்டக்காரர் பலர் தண்டனைக்கு உள்ளாயினர். 1995இல் சிங்கப்பூர் விலகியது.

இங்கேதான் பற்றாளரின் ‘நாம்’ தன் எல்லையைக் கண்டது. பங்கிடப்பட இருந்த பணம் அவர் தந்த பணம். விலைபேசப்பட்ட ஆட்டம் அவர் தொண்டை வறளக் கத்திய ஆட்டம். ஆயினும், விலகுவதா தொடர்வதா என்னும் முடிவில் அவரை யாரும் கேட்கவில்லை. கூட்டம் சேர்க்கும்போது உளப்பாட்டுப் பன்மை. முடிவெடுக்கும்போது அவர் வெறும் படர்க்கை. தொழில்முறை விளையாட்டின் நீங்காத சிக்கல் இது. உறவினராகத் தம்மை எண்ணும் ஒருவரை, வாடிக்கையாளராக மட்டும் எண்ணுகிறது நிருவாகம்.

1996இல் சிங்கப்பூருக்கென எஸ்.லீக் தொடங்கியது. முதலில் எட்டுக் குழுக்கள். முறையாக ஊதியம், முறையான அட்டவணை, வட்டாரந்தோறும் அரங்கு என யாவும் அமைந்தன. ஆனால் காலாங்கில் முழங்கியவர் பெரும்பாலும் அங்கே வரவில்லை. காரணம் யாது?

முதற்காரணம், ‘அவர்கள்’ மறைந்ததே. பாலத்திற்கு அப்பால் இருந்த சிலாங்கூரும் பகாங்கும் அடுத்த குடியிருப்புப் பேட்டையாக மாறினால் உள்ளம் எழுவதில்லை. எதிரணி ஊரில் மைத்துனர் குடியிருப்பார். நாளையே தாமும் அங்கு வீடு மாறிச் செல்லக்கூடும். இரண்டாவது, ஐரோப்பியக் காற்பந்து, சிறப்பாக 1992இல் தொடங்கிய இங்கிலாந்துப் பிரிமியர் லீக், தொலைக்காட்சி வழியே வீட்டுக்குள் வந்தமை. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள லிவர்பூலைப் பற்றி ‘நாம்’ என்று பேசுவோர் இங்கே பலர். மூன்றாவது, பெயர் நிலைக்காமை. 1996இல் போலீஸ் குழுவாக இருந்தது மறு ஆண்டே ஹோம் யுனைட்டெட் ஆயிற்று. 2020இல் லயன் சிட்டி செய்லர்ஸ் ஆயிற்று. தியோங் பாரு யுனைட்டெட் தஞ்சோங் பகார் யுனைட்டெட் ஆயிற்று. பெயர் மாறும்போதெல்லாம் தந்தை கண்ட குழு வேறு, மகன் காணும் குழு வேறு என்றாகிவிடுகிறது. ‘நாம்’ என்பது இருப்போரை மட்டுமன்று, முன்பு இருந்தோரையும் உளப்படுத்தும் சொல் என்பதை இங்கே மறந்துவிடுகின்றனர்.

2012இல் ‘லயன்ஸ் டுவெல்வ்’ என்னும் குழுவோடு சிங்கப்பூர் மலேசியப் போட்டிக்குத் திரும்பி, 2013இல் சூப்பர் லீக்கை வென்றது. பழைய முழக்கத்தின் எதிரொலி கேட்டது. 2015இல் அவ்வேற்பாடும் முடிவுற்றது. மீண்டும் பற்றாளரைக் கேட்காமலே!

எஞ்சியிருப்போர்

எனினும் ‘நாம்’ முற்றிலும் அழிந்துவிடவில்லை. தெம்பனிஸ் ரோவர்ஸ் மன்றம் 1945ஆம் ஆண்டு தோன்றியது. 2025 வரை அப்பெயரை மாற்றவில்லை. 2010களில் தெம்பனிஸ் அரங்கு இடிக்கப்பட்டுப் புதிய வளாகம் எழுந்துகொண்டிருந்தபோது, அக்குழு தீவின் மேற்கே கிளமெண்டியிலும் ஜூரோங் வெஸ்டிலும் தன் ‘சொந்தத் திடல்’ ஆட்டங்களை ஆட நேர்ந்தது. 2017இல்தான் வீடு திரும்பியது. அவ்விடைக்காலத்தில் கிழக்கிலிருந்து மேற்கே தீவைக் கடந்து சென்று, மஞ்சள் சட்டையோடு அமர்ந்திருந்த சிலரை எண்ணிப் பார்க்க வேண்டும். 55,000 பேர் கூடி முழங்கும்போது ‘நாம்’ என்பது எளிது. சில நூறு பேராய் அமர்ந்து ‘நாம்’ என்பதே அரிது.

2025 மே மாதம், லயன் சிட்டி செய்லர்ஸ் ஆசிய மன்றங்களுக்கான இரண்டாம் நிலைப் போட்டியின் இறுதியாட்டத்தைப் பீஷான் அரங்கில் ஆடி, ஷார்ஜாவிடம் 2க்கு 1 எனத் தோற்றது. கண்ட இறுதியாட்டம் ஒன்றை எட்டிய முதல் சிங்கப்பூர் மன்றம் அதுவே. அன்று ‘அவர்கள்’ மீண்டும் கடலுக்கு அப்பாலிருந்து வந்தனர். உள்ளூர்க் குழு மீண்டும் ஊரின் குழுவாயிற்று.

நீங்காப் பற்றாளரின் கருத்தைத் தொகுத்துரைத்தால் அது இதுவே: குழு முதலாளியின் பொருளாகலாம், சங்கத்தின் பொறுப்பாகலாம், ஆட்டக்காரரின் தொழிலாகலாம், ஆனால் அதன் நினைவு மக்களுடையது. அவர் நடுவரைப் பற்றிக் கூறுவது தவறாகலாம். பழைய ஆட்டக்காரரைப் பற்றிக் கூறுவது மிகையாகலாம். இவ்வொன்றில் மட்டும் அவர் தவறவில்லை. குழுக்களை நடத்துவோர் அவரிடம் ஆட்டத் திட்டம் கேட்க வேண்டியதில்லை. பெயரை மாற்றுமுன், நிறத்தை மாற்றுமுன், போட்டியை விட்டு விலகுமுன் ஒருமுறையேனும் அவரைக் கேட்டல் கடன்.

வகுப்பறையில் உளப்பாட்டுத் தன்மைப் பன்மையை விளக்க எடுத்துக்காட்டுத் தேடும் ஆசிரியர், தோற்ற ஆட்டத்தின் மறுநாட் காலையில் தேநீர்க் கடைக்குச் செல்லலாம். “அவர்கள் தோற்றார்கள்” என்போர் பலர் இருப்பர். “நாம் தோற்றோம், அடுத்த வாரம் பார்ப்போம்” என்பார் ஒருவர். இலக்கணம் அவரிடம் இருக்கிறது.